பந்தியை விட்டு எழுந்தவர்

"ஒரே ஒரு வசனம் காட்டுங்க, மூப்பரே. ஞாயித்துக்கெழமை நானே ரெண்டு கிண்ணம் எடுத்து வைக்கிறேன்."

போதகர் இப்படிச் சொன்னது புதன்கிழமை. சனிக்கிழமை விடிந்துவிட்டது. தேனிக் கடைவீதியில் பருத்தி மண்டி வைத்திருக்கும் ஜேசுராஜுக்கு அந்த ஒரே ஒரு வசனம் இன்னும் அகப்படவில்லை.

வாராவாரம் படித்து வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. ஆற்றுக்கு அக்கரைச் சேரியிலிருந்து ஏழு குடும்பத்தார் போன கிறிஸ்துமஸ் அன்று ஞானஸ்நானம் பெற்றார்கள். நாளை அவர்களுக்கு முதல் திருவிருந்து. கடைவீதிக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்னக் கோயிலில் திராட்சரசத்துக்கு இருப்பது ஒரே வெள்ளிக் கிண்ணம். போதகர் அதை ஏந்திக்கொண்டு வரிசையாக வருவார். முதலாளி வாய் வைத்த இடத்தில் அவருடைய கணக்கப்பிள்ளையும் வாய் வைப்பார். நாளை முதல் அக்கரைக்காரர்களும் வைப்பார்கள்.

இதை விழுங்க முடியாதவர்கள் தேனியிலேயே சிலர் இருந்தார்கள். ஆனால் வாய்விட்டுச் சொன்னவர் போடியில் இருந்தார். ஏலக்காய் வியாபாரி வேதமாணிக்கம். அவருடைய மகன் செல்வமணிக்கும் ஜேசுராஜின் ஒரே மகள் சொர்ணலதாவுக்கும் நாளை ஆராதனை முடிந்த கையோடு நிச்சயம். 'அந்த ஆட்களுக்குத் தனிக் கிண்ணம் வைத்தால்தான் நாங்கள் நிச்சயத்துக்கு உட்காருவோம்' என்று அவர் கடிதம் போட்டுவிட்டார்.

சொர்ணலதாவுக்கு வயது இருபத்துநாலு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலில் இது தெருவே உட்கார்ந்து பேசுகிற வயது. பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அந்த வேலையாலேயே இரண்டு வரன் தட்டிப்போயிற்று. செல்வமணி ஒருவன்தான், "கல்யாணத்துக்குப் பெறகும் அவுக பாடஞ் சொல்லிக்குடுக்கட்டும்" என்று சொல்லி அனுப்பியவன். அதைக் கேட்ட நாளிலிருந்து அவள் பாடிக்கொண்டேதான் பாத்திரம் துலக்குகிறாள். அந்தப் பாட்டு நின்றுவிடக் கூடாது என்பதுதான் ஜேசுராஜின் கவலை.

பழியை முழுக்கப் போடிக்காரர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. ஜேசுராஜுக்கே அந்தக் கிண்ணம் உள்ளுக்குள் கொஞ்சம் நெருடத்தான் செய்தது. சபை மூப்பர் என்பதால் வெளியில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வேதத்தை நாலு தடவை முழுசாக வாசித்தவர் என்று அவருக்குப் பெயர். அந்த நம்பிக்கையில்தான் போதகரிடம் "காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். மூன்று நாளாகப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். விலகியிருக்கச் சொல்கிற இடங்கள் நிறைய வந்தன. ஆனால் எல்லாம் விக்கிரகத்தை விட்டு விலகச் சொல்லின. அக்கரைக்காரர்கள் அதை விட்டு விலகித்தானே இக்கரைக்கு வந்திருக்கிறார்கள்! சுத்தம், அசுத்தம் என்று தேடினார். பன்றியைப் பற்றியும் ஒட்டகத்தைப் பற்றியும் விஸ்தாரமாக இருந்தது. அக்கரையிலிருந்து அவர் மண்டிக்கு வேலைக்கு வரும் மலையம்மாளைப் பற்றி ஒரு வரி இல்லை.

இத்தனை வருஷம் வேதத்தை வாசித்தவர், இந்த மூன்று நாளாக அதில் வலை வீசிக்கொண்டிருந்தார். அது அவருக்கே தெரியவில்லை.

விடிந்து ஒரு நாழிகை இருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்து பவுல் எழுதிய நிருபம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். பந்தி! சாப்பாட்டுப் பந்தி! அந்தியோகியா என்ற ஊரில் யூதரல்லாத புறஜாதிக்காரர்களோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் எழுந்து விலகிப் போய்த் தனியாக இருந்தார் என்று எழுதியிருந்தது.

பேதுரு! சாமான்யப்பட்ட ஆளா? ஆண்டவர் கையால் பரலோகத்துச் சாவி வாங்கினவர். அவரே எழுந்துவிட்டார் என்றால் பருத்தி மண்டி ஜேசுராஜ் எம்மாத்திரம்?

அதற்கு மேல்வரியை அவர் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். கண் அதன்மேல் ஓடத்தான் செய்தது. ஓடிய வேகத்தில் திரும்பியும் வந்துவிட்டது. அவருக்கு வேண்டியது அகப்பட்டுவிட்டதால் மறுபடி மேலேயும் பார்க்கவில்லை, கீழேயும் போகவில்லை. ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்து அந்த ஒரு வரியை மட்டும் முத்து முத்தாக எழுதினார். வரியின் கடைசியில் இன்னும் இரண்டொரு வார்த்தை மிச்சம் இருந்தது. இதுவே போதும் என்று பேனாவை மூடிவிட்டார்.

"ராஜமணி! ஏ, ராஜமணி!"

அடுப்படியிலிருந்து அவர் மனைவி ஓடி வந்தாள். கையெல்லாம் மசாலா. போடிக்காரர்கள் சாயங்கால ரயிலில் வருகிறார்கள், கறிக்குழம்பு சரியாக வர வேண்டுமே என்று அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"ஏங்க, கெடைச்சிருச்சா?"

"கெடைச்சிருச்சு."

"ஸ்தோத்திரம்!" ராஜமணி கண்ணை மூடிக்கொண்டாள். "நாம்பாட்டுக்கு மூணு நாளா உப்பு எது சீனி எதுன்னு தெரியாமக் கெடந்தேன். யாரு சொன்னது? மோசேயா?"

"பேதுரு. பந்தியில இருந்து எந்திரிச்சுத் தனியா உக்காந்திருக்காரு."

விளக்குச் சிமினியைத் துடைத்துக்கொண்டிருந்த சொர்ணலதா பாட்டை நிறுத்தினாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். மேஜைமேல் திறந்து கிடந்த புத்தகத்தைப் பார்த்தாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று ஜேசுராஜ் காத்திருந்தார்.

"சரிப்பா" என்றாள். சிமினியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் மண்டிக்குக் கிளம்பினார். போதகரைப் பார்க்கும் முன் மலையம்மாளிடம் தானே சொல்லிவிடுவது மரியாதை என்று தோன்றியது. ஊரார் வாயால் கேட்டு அவள் மனம் நோகக் கூடாது அல்லவா? ஜேசுராஜ் நல்ல மனிதர். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அவருக்கும் இல்லை.

மண்டிக்குப் பின்னால் இருந்த கிட்டங்கியில் பருத்திப் பொதிகள் கூரை மட்டும் அடுக்கிக் கிடந்தன. தரையில் சாக்கு விரித்து ஆறு பெண்கள் சருகும் கறை விழுந்த பஞ்சும் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆறு பேரும் அக்கரை. நடுவில் இருந்தவள் மலையம்மாள். நாற்பது வயது இருக்கும். பன்னிரண்டு வருஷமாக அவரிடம் வேலை செய்கிறாள். பொதி வந்து இறங்கினால் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார். மேல்வாயில் நல்ல பஞ்சும் அடியில் குப்பையுமாகத் திணித்துக் கொண்டுவருவது சிலருக்குக் கைவந்த வித்தை. மலையம்மாள் தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டு அடிப்பஞ்சை இழுத்துப் பார்த்துத்தான் தரம் சொல்லுவாள். அவள் சொல்லிவிட்டால் ஜேசுராஜ் மறுவார்த்தை பேசுவதில்லை.

ஒரு பொதிமேல் உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மலையம்மா, நாளைக்கு நீங்கள்லாம் பந்திக்கு வர்றீகள்ல?"

"ஆமாங்கய்யா. எம்வீட்டுக்காரருக்குப் புதுத்துண்டு வாங்கியாந்துட்டேன். அவரு மேல கோடித்துணி பட்டுப் பத்து வருசம் ஆச்சு." மற்றப் பெண்கள் சிரித்தார்கள்.

"சந்தோசம். அதுல ஒரு சின்ன மாத்தம். உங்களுக்குன்னு தனியா ஒரு கிண்ணம் வைக்கலாம்னு இருக்கு. புதுசுதான், நல்ல வெங்கலம். ரசம் ஒண்ணுதான், அப்பம் ஒண்ணுதான். கிண்ணம் மட்டும் வேற."

சிரிப்பு நின்றது. ஆறு ஜோடிக் கைகளும் பஞ்சின்மேல் அப்படியே நின்றன.

"ஏன்யா?" என்றாள் மலையம்மாள்.

"நானாச் சொல்லலை. வேதத்துலயே இருக்கு."

"வேதத்துலயேவா இருக்கு?"

அவள் முகத்தில் கோபம் வந்திருந்தால் ஜேசுராஜுக்குச் சுலபமாக இருந்திருக்கும். பயம்தான் வந்தது. அவர் அவசரமாகக் காகிதத்தை எடுத்து வாசித்தார். பேதுரு எழுந்ததையும் விலகியதையும் தனியாக இருந்ததையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

வாசித்து முடித்ததும் மலையம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, இது நம்ம அந்தியோகியாப் பாடம்ல! உபதேசியார் போன மாசம் சொல்லிக்குடுத்தாகல்ல, ஏ கருத்தம்மா!" பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். "ஐயா, அது அங்கனயே முடியலைங்கய்யா. மிச்சம் இருக்கு. ஆனா எனக்கு நடுவுல இருந்து சொல்ல வராது. மொதல்ல இருந்து வந்தாத்தேன் வரும்."

அவர்களில் ஒருத்திக்கும் எழுத்துத் தெரியாது. உபதேசியார் வாரம் இரண்டு நாள் அக்கரைக்குப் போய்ச் சொல்லிக்கொடுப்பார். கேட்டதைப் பஞ்சு பொறுக்கும்போது சொல்லிச் சொல்லி மனத்தில் ஏற்றிக்கொள்வார்கள். அவர்கள் வேதத்தில் பக்கமும் இல்லை, எண்ணும் இல்லை. நடுவில் ஒரு வரியை மட்டும் பிய்த்து எடுக்கவும் அவர்களுக்குத் தெரியாது.

மலையம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். கை தானாகப் பஞ்சைப் பொறுக்க ஆரம்பித்தது.

"பவுலு சொல்றாக. பேதுரு அந்தியோகியாவுக்கு வந்திருந்தப்ப, நான் அவரை மொகத்துக்கு நேரா எதுத்தேன். ஏன்னா அவரு மேல குத்தம் இருந்துச்சு." மற்றப் பெண்களும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். "எருசலேம்காரக வர்ற வரைக்கும் பேதுரு எல்லாரோடயும் ஒண்ணா உக்காந்து சாப்புட்டுக்கிட்டு இருந்தாரு. அவுக வந்ததும் எந்திரிச்சாரு. தனியா வெலகிக்கிட்டாரு. அவுகளுக்குப் பயந்துக்கிட்டு. அவரைப் பாத்து மத்தவுகளும் எந்திரிச்சாக. நல்ல மனுசன் பர்னபாவும் கூடச் சேந்து எந்திரிச்சாரு. இவுக நேரா நடக்கலைன்னு கண்டதும் நான் எல்லாரு முன்னாலயும் பேதுருகிட்டக் கேட்டேன்..."

ஜேசுராஜ் கையிலிருந்த காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

மேல்வரி! காலையில் கண் ஓடித் திரும்பிய அந்த மேல்வரி! அதில்தான் பேதுருவின்மேல் குற்றம் என்று பட்டவர்த்தனமாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் தாண்டிப் போயிருந்தார். கடைசியில் எழுதாமல் விட்ட வார்த்தை என்ன? 'பயந்து.' பேதுரு எழுந்ததற்கு அந்தப் புத்தகம் சொல்லும் ஒரே காரணம் அதுதான். அதையும் விட்டுவிட்டு, பேதுரு எழுந்ததை மட்டும் முத்து முத்தாக எழுதிக் கொண்டுவந்திருக்கிறார். மேல்வாய்ப் பஞ்சைக் காட்டிப் பொதியை விற்கிறவனுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?

பாடம் முடிந்தது. மலையம்மாள் கண்ணைத் திறந்தாள். கண்ணில் நீர் தளும்பி நின்றது.

"இதை மொதத் தடவை கேட்டப்ப எங்களுக்கு அழுகை வந்துருச்சுங்கய்யா. பேதுரு எந்திரிச்சுப் போனதுக்கு இல்ல. எங்களைக் கண்டு எந்திரிச்சுப் போறவுகளத் தெனம் பாக்குறோம், அது என்ன புதுசா? ஒருத்தர் கேட்டாருல்ல, அதான் புதுசு. அம்புட்டுப் பெரியவுகளை ஒருத்தர் நிக்க வச்சுக் கேட்டாரு. அதைப் புஸ்தகத்துல வேற எழுதி வச்சிருக்காகளே!"

குனிந்து ஒரு சருகைப் பொறுக்கிப் போட்டுவிட்டு மேலே சொன்னாள்.

"பேதுரு நெனைச்சிருந்தா பவுலு எழுதுன அந்தக் காயிதத்தக் கிழிச்சுப் போட்டிருக்கலாம்ல? அவுக கையிலதான சபை இருந்துச்சு. கிழிக்கலையே. நாம அசிங்கப்பட்டது நாளைக்கு நாலு பேருக்குத் தெரியட்டும்னு விட்டுட்டாகளே. எம்புட்டுப் பெரிய மனசு!" அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "தனிக் கிண்ணம் வச்சா நாங்க குடிக்க மாட்டோம்யா. வாசல்ல நின்னு பாத்துட்டு வீட்டுக்குப் போயிருவோம். அது வேற பேச்சு. ஆனா இந்த வசனத்தக் காட்டி மட்டும் வைக்காதீகய்யா. எங்க பக்கம் பேசுன வசனம் இது."

ஜேசுராஜ் எப்படி எழுந்தார், எப்படிக் கடைவீதியைத் தாண்டினார் என்பது அவருக்கு நினைவில்லை. வழியில் இரண்டு பேர் வணக்கம் சொன்னார்கள். அவர் காதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் நின்றபடியே புத்தகத்தைத் திறந்தார். அந்த நிருபத்தின் முதல் வரிக்குப் போனார். நிருபம் என்றால் கடிதம். கடிதத்தை யாராவது நடுவில் ஒரு வரி மட்டும் வாசிப்பார்களா? வேதமாணிக்கம் போட்ட கடிதத்தை அவர் அப்படியா வாசித்தார்? 'அன்புள்ள' தொடங்கிக் கையெழுத்து வரைக்கும் ஏழு தடவை வாசித்தாரே! நாலு தடவை முழுசாக வாசித்ததாகப் பெயர் வாங்கியவர், இப்போதுதான் அதை ஒருவர் எழுதிய கடிதமாக வாசித்தார். உட்காரத் தோன்றவில்லை.

வாசிக்க வாசிக்க அவருக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த ஊருக்கு எருசலேமிலிருந்து சிலர் வந்தார்கள். இந்த ஊருக்குப் போடியிலிருந்து சிலர் வருகிறார்கள். வருகிறவர்களுக்குப் பயந்து பேதுரு பந்தியை விட்டு எழுந்தார். ஜேசுராஜும் விடிந்ததிலிருந்து எழுந்துதான் நிற்கிறார். இந்தச் சனிக்கிழமையை, இந்த ஜன்னலை, சட்டைப் பையில் இருக்கும் இந்தக் காகிதத்தை எல்லாம் எவனோ ஒருவன் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னால் பார்த்துவிட்டு உட்கார்ந்து எழுதியிருக்கிறான்! தன் பேச்சுக்குச் சாட்சி சொல்ல அந்தப் புத்தகத்தைக் கூப்பிட்டார். அது வந்து நின்று, அவரைப் பார்த்துக்கொண்டே, அவர் கதையைச் சொல்லிவிட்டது.

பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்குள் சொல்லி மாளாத ஒரு சந்தோஷமும் இருந்தது. இவ்வளவு உண்மை பேசுகிற ஒன்று தன் வீட்டு மேஜையில் இத்தனை வருஷமாக இருந்திருக்கிறதே என்று கைகூப்பத் தோன்றியது. கூப்பினார்.

"அப்பா."

சொர்ணலதா கதவோரம் நின்றாள். பாட்டு இல்லை.

"மேல்வரியை வாசிச்சிட்டீகளா?" என்றாள்.

ஜேசுராஜ் திரும்பினார். "ஒனக்குத் தெரியுமா?"

"காலையிலயே தெரியும்பா. போன வருசம் புள்ளைகளுக்கு நானே இந்தப் பாடம் நடத்தியிருக்கேன்."

"ஏன் ஆத்தா சொல்லலை?"

அவள் சுற்றி வளைக்கவில்லை. "எனக்குக் கல்யாணம் வேணும்பா" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

ஜேசுராஜ் அவள் தலையில் கை வைத்தார். ராஜமணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, விஷயம் புரிந்தவளாய் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இப்ப வேண்டாமா?" என்று மகளைக் கேட்டார்.

"இப்பவும் வேணும்." சொர்ணலதா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஆனா இதைத் தாண்டிப் போயிக் கல்யாணம் பண்ணுனா, அப்பறம் ஒவ்வொரு தடவை இந்தப் பாடம் வர்றப்பவும் நான் தாண்டித்தானப்பா போகணும்? புள்ளைக முன்னால எப்படித் தாண்டுவேன்? நீங்க முழுசா வாசிங்க."

சாயங்கால ரயில் சரியான நேரத்துக்கே வந்தது. என்றைக்காவது தாமதமாக வரக் கூடாதா என்று ஜேசுராஜ் நினைத்த நாள் அது ஒன்றுதான். வேதமாணிக்கம் ஜிப்பாவும் ஜரிகைத் துண்டுமாக இறங்கினார். பின்னால் செல்வமணி. குதிரை வண்டியில் வரும் வழியெல்லாம் வேதமாணிக்கம் ஏலக்காய்ச் சங்கதியும் மலைச் சங்கதியும் பேசிச் சிரித்துக்கொண்டே வந்தார். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. பசி பொறுக்காதவர், வந்ததும் வராததுமாக இலை போடச் சொல்லிவிட்டார்.

பொழுது இன்னும் சாயவில்லை. கூடத்தில் மூன்று இலை. வேதமாணிக்கம், செல்வமணி, எதிரே ஜேசுராஜ். போதகர் வந்து ஜெபம் செய்துவிட்டு, வசனம் என்னாயிற்று என்று கேட்காமலே, வேறு ஜோலி இருக்கிறது என்று போய்விட்டார். ராஜமணி குழம்பு ஊற்றினாள். சொர்ணலதா சோற்றுப் பாத்திரத்தோடு நிலைப்படியில் நின்றாள்.

"என்ன அண்ணாச்சி, வசனம் கெடைச்சதா?" வேதமாணிக்கம் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"கெடைச்சது, அண்ணாச்சி."

"அப்படிப் போடுங்க! வேதத்துல இல்லாததை நான் கேப்பேனா? வாசிங்க, கேப்போம்."

ஜேசுராஜ் சட்டைப் பையில் இருந்த காகிதத்தைத் தொடவில்லை. இன்னும் சோற்றில் கை வைக்காதவர், எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து உட்கார்ந்து, அந்தப் பாடத்தை முதலிலிருந்தே வாசித்தார். பேதுருவின்மேல் குற்றம் இருந்தது என்ற இடத்தில் வேதமாணிக்கம் குழம்பைப் புகழ்ந்துகொண்டிருந்தார். பேதுரு எழுந்த இடம் வந்ததும் தொடையில் தட்டினார்.

"பாத்தீகளா! பேதுருவே எந்திரிச்சிட்டாருல்ல!"

"அதைத்தான் அண்ணாச்சி நானும் காலையில சொன்னேன்" என்றார் ஜேசுராஜ். மேலே வாசித்தார். பயந்ததை வாசித்தார். பவுல் எல்லார் முன்னிலையிலும் கேட்டதை வாசித்தார். வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

வேதமாணிக்கத்தின் முகம் சிவந்தது.

"வீட்டுக்குக் கூப்புட்டு, எலையில உக்கார வச்சு, வேதத்தைக் காட்டி என்னையப் பழிக்கிறீகளா?"

"உங்களை இல்லண்ணாச்சி. இதுல எந்திரிச்ச ஆளு நாந்தேன். விடிஞ்சதுல இருந்து உச்சிப்பொழுது வரைக்கும் எந்திரிச்சுதான் இருந்தேன். இன்னிக்கு இதை வாசிச்சு எனக்குக் கையி காலெல்லாம் ஆடிப்போச்சு. நீங்க வேற ஒரு வசனம் காட்டுங்க, நான் கேக்குறேன். இல்லைன்னா நாளைக்குக் கிண்ணம் ஒண்ணுதான். அக்கரை மலையம்மா குடிச்ச பெறகு நான் குடிப்பேன்."

ராஜமணி கரண்டியைக் குழம்புச் சட்டியில் போட்டாள். வேதமாணிக்கம் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டுக் கையை உதறினார். எழுந்தார்.

"போடி வண்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. ஏலே செல்வமணி, எந்திரிடா!"

விடுவிடுவென்று வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார். தான் செய்த காரியம் இப்போதுதான் வாசித்துக் கேட்ட காரியம் என்பது அவருக்குத் தெரிந்ததா, தெரியவில்லை. மற்ற எல்லாருக்கும் தெரிந்தது. ராஜமணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

செல்வமணி எழவில்லை. சோற்றில் வைத்த கை வைத்தபடியே இருந்தது. அவன் ஜேசுராஜின் மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்தான்.

"மாமா" என்றான் மெதுவாக. "பவுல் கேட்ட பெறகு பேதுரு என்ன செஞ்சாரு? திரும்பி வந்து உக்காந்தாரா?"

கூடம் முழுவதும் அந்தக் கேள்வியில் வந்து நின்றது. சொர்ணலதா நிலைப்படியில் நின்று அப்பாவையே பார்த்தாள்.

'வந்தார்' என்று சொல்ல ஜேசுராஜின் நாக்கு துடித்தது. ஒரே ஒரு வார்த்தை. நல்ல வார்த்தை. அதைச் சொன்னால் இந்தப் பையன் இலையில் இருந்துவிடுவான். அப்பனையும் கூட்டி வந்துவிடுவான். பேதுரு வந்து உட்கார்ந்திருப்பார் என்றுதான் ஜேசுராஜும் மனதார நம்பினார். பக்கத்தைக் கீழே பார்த்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கே பவுலின் பேச்சு வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தது. பேதுரு பந்திக்குத் திரும்பியதாக ஒரு எழுத்தும் இல்லை.

மகளின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எழுதலை, மாப்பிள்ளை. அதை எழுதாமயே விட்டுட்டாக."

செல்வமணி தலையசைத்தான். கையிலிருந்த சோற்றை இலையில் வைத்தான். எழுந்தான். கை கழுவவில்லை. வாசலில் அப்பன் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தான். அழைத்து வரப் போகிறானா, கூடப் போகப் போகிறானா என்பது அவன் முதுகைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியதாக இல்லை.

ராஜமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். ஆள் எழுந்துபோன இரண்டு இலைகளையும் மடிக்கக் கை நீட்டினாள்.

"மடிக்காதீகம்மா" என்றாள் சொர்ணலதா. சோற்றுப் பாத்திரத்தை இறக்கி வைக்காமல் அப்படியே நின்றாள். "ரெண்டு எலையும் இருக்கட்டும்."